குருதி–மூளைத் தடுப்பு: ஒரு கருத்தின் வரலாறு

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. அச்சிரசினுள் அடங்கிய மூளை, உடல் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கே ஆயினும், உடல் நுகரும் ஒட்சிசனில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறது. இத்துணைக் குருதியை வேண்டி நிற்கும் அந்த அங்கம், குருதியோடு வரும் பொருள்களுட் பெரும்பாலானவற்றைத் தன்னுட் புகவிடுவதில்லை. நோயாளியின் நாளத்தில் ஏற்றப்படும் மருந்து சில நிமிடங்களில் ஈரலையும் சிறுநீரகத்தையும் தசைகளையும் சென்றடைகிறது. மூளையின் வாயிலிலோ அதே மருந்து பலவேளை நின்றுவிடுகிறது. இவ்வாறு நிறுத்திவைக்கும் அமைப்பையே மருத்துவ நூலோர் குருதி–மூளைத் தடுப்பு என்பர்.

இத்தடுப்பின் அமைப்பையும் தொழிலையும் விளக்கும் நூல்கள் பல உள. ஆயின் இத்தகைய தடுப்பு ஒன்று உண்டு என்னும் கருத்து எவ்வாறு பிறந்தது, யாரால் மறுக்கப்பட்டது, எவ்வாறு நிலைபெற்றது என்பன மாணவருலகில் அதிகம் பேசப்படுவதில்லை. அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்களை எடுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதனை நோக்குமிடத்து இரு செய்திகள் புலப்படும். முதலாவது, கண்ணாற் கண்ட ஓர் உண்மையைக் கருத்தாற் காண்பதற்கு 80 ஆண்டுகளுக்கு மேல் சென்றன என்பது. இரண்டாவது, இவ்வுண்மையை மருத்துவருக்குக் கற்பித்தவர்கள் ஆய்வுகூடத்து அறிஞர் மட்டுமல்லர். குருதியில் மருந்து நிறைந்திருக்கவும் நோய் தீராது கிடந்த நோயாளரும் ஆவர் என்பது.

ஏர்லிக்கின் சாயங்கள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேர்மனியிற் சாயத் தொழில் பெருவளர்ச்சி கண்டது. நிலக்கரித் தாரிலிருந்து புதுப்புதுச் சாயங்கள் தோன்றின. துணிக்கு நிறமூட்டப் பிறந்த அச்சாயங்களை இழையங்களுக்கு நிறமூட்டப் பயன்படுத்தியோருள் தலையாயவர் போல் ஏர்லிக். 1885ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், உடலின் அங்கங்கள் ஒட்சிசனை எவ்வாறு பயன்படுத்துகின்றன என்பதைச் சாயங்களின் துணைகொண்டு ஆராய்ந்தது. உயிருள்ள விலங்கின் உடலிற் சாயத்தைச் செலுத்திப் பின் அங்கங்களை எடுத்துப் பார்த்தபோது, பல அங்கங்கள் நிறமேறியிருந்தன. மூளையோ பெரும்பாலும் நிறமேறாதிருந்தது.

குருதி–மூளைத் தடுப்பு மருத்துவ வரலாற்றில் முதன்முதலாகத் தன்னைக் காட்டிய தருணம் இதுவே எனலாம். ஆனால் ஏர்லிக் அதனை அவ்வாறு காணவில்லை. ஒரு பொருள் ஓர் இழையத்திற் சென்று தங்குவதற்கு அவ்விரண்டுக்குமிடையே இரசாயன நாட்டம் வேண்டும் என்பது அவரது கொள்கை. மூளை நிறமேறாமைக்குக் காரணம், அச்சாயங்கள்பால் மூளை இழையத்துக்கு நாட்டமின்மையே என அவர் முடிவு செய்தார். குருதிக்குழாயின் உட்சுவர் அங்கத்துக்கு அங்கம் வேறுபட்ட தொழிலை ஆற்றக்கூடும் என்ற விளக்கத்தைப் பிற்காலத்திலும் அவர் ஏற்க இசையவில்லை.

இதனை வெறும் தவறென்று ஒதுக்கிவிடுதல் நீதியாகாது. இரசாயன நாட்டம் பற்றிய அதே சிந்தனையே, நோய்க்கிருமியை மட்டும் நாடிச் சென்று கொல்லும் மருந்து ஒன்று இருத்தல் கூடும் என்ற எண்ணத்துக்கு அவரை இட்டுச் சென்றது. அவ்வெண்ணமே நவீன மருந்தியலின் அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. பயன்மிக்க கொள்கையொன்று தன்னை வகுத்தவரின் கண்ணையே ஒரு திசையில் மறைத்துவிடலாம் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

எதிர்ப்பக்கத்துச் சான்றுகள்

வேறு அறிஞர்கள் இதே வினாவை வேறு வழியில் அணுகினர். 1898இல் பீடிலும் கிறவுஸும் பித்த அமிலங்களைக் கொண்டு செய்த ஆய்வை வெளியிட்டனர். அவை குருதியிற் செலுத்தப்பட்டபோது நரம்புத் தொகுதியில் தீங்கு தோன்றவில்லை; மூளையில் நேரே செலுத்தப்பட்டபோதோ வலிப்பும் நினைவிழப்பும் உண்டாயின. 1900இல் லெவன்டோவ்ஸ்கி பெரோசயனைட்டு உப்பைக் கொண்டு இதையொத்த முடிவைப் பெற்றார். நாட்டமில்லாத இழையத்தில் நஞ்சு தாக்காது என்றால், நேரே செலுத்திய நஞ்சு தாக்கியது எவ்வாறு? சில பொருள்களை மூளையின் மயிர்த்துளைக் குழாய்களின் சுவரே மறித்து நிற்கிறது என்ற கருத்தை லெவன்டோவ்ஸ்கி முன்வைத்தார்.

எனினும் விவாதத்தைத் திசைதிருப்பிய பரிசோதனை, ஏர்லிக்கின் மாணாக்கராகக் கருதப்படும் எட்வின் கோல்ட்மன் என்பவரிடமிருந்து வந்தது. 1909இல் அவர் திரிப்பன் நீலம் என்னும் சாயத்தை விலங்குகளின் குருதியிற் செலுத்தினார். உடல் எங்கும் நீலம் பரவியது. மூளையும் முண்ணாணும் வெண்மையாகவே இருந்தன. இதுவரை ஆசிரியர் கண்டதையே மாணாக்கரும் கண்டார். 1913இல் அவர் வெளியிட்ட இரண்டாவது பரிசோதனையில், அதே சாயம் மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்திருக்கும் மூளைய முண்ணாண் பாய்பொருளிற் செலுத்தப்பட்டது. இம்முறை மூளை நீலமாயிற்று. உடலின் ஏனைய அங்கங்கள் நிறமேறவில்லை.

மூளைக்குச் சாயத்தின்பால் நாட்டமில்லை என்ற விளக்கம் இதனால் நிலைகுலைந்தது. நாட்டம் உண்டு, வழிதான் இல்லை. சாயமும் அதுவே, மூளையும் அதுவே. மாறியது புகுந்த பாதை ஒன்றே. இரு எளிய பரிசோதனைகளை அருகருகே வைத்தமையால் நீண்டகாலக் கருத்தொன்று தளர்ந்தது. ஆய்வில் ஈடுபடும் மாணவர் எவரும் இதனை மனங்கொள்ளுதல் தகும். கோல்ட்மன் அதே ஆண்டிற் காலமானார். தம் பரிசோதனையின் முழுப் பொருளையும் விரித்துரைக்க அவருக்குக் காலம் வாய்க்கவில்லை.

தைத்துநின்ற மாயக்குண்டு

இதே ஆண்டுகளில் இவ்வினா ஆய்வுகூடத்தை விட்டு வைத்தியசாலைக்குள்ளும் புகுந்தது. ஏர்லிக்கின் ஆய்வுகூடத்தில் 1909இல் ஜப்பானிய அறிஞர் ஹாட்டா, 606 என்னும் எண்ணிடப்பட்ட ஆசனிக்குச் சேர்வை மேகநோய்க் கிருமியைக் கொல்லவல்லது என்று கண்டார். 1910இல் சல்வர்சான் என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. நோயை மட்டும் தாக்கும் மாயக்குண்டு என்னும் ஏர்லிக்கின் கனவு நனவாயிற்று என உலகம் கொண்டாடியது.

ஆயின் மேகநோய் பல ஆண்டுகளின் பின்னர் மூளையைத் தாக்குமிடத்துப் புத்திபேதமும் பக்கவாதமும் உண்டாகி நோயாளி மாள்வதுண்டு. ஐரோப்பாவின் மனநோய் விடுதிகளில் அக்காலத்தில் இத்தகையோர் பெருந்தொகையினராக இருந்தனர். 1913இல் நொகுச்சியும் மூரும் இந்நோயாளரின் மூளையிலேயே கிருமி உறைவதைக் காட்டினர். கிருமியும் தெரிந்தது, கிருமியைக் கொல்லும் மருந்தும் இருந்தது. எனினும் இந்நோயாளருட் பலருக்கு அம்மருந்து பயன் தரவில்லை. சல்வர்சான் மூளைக்குட் போதிய அளவிற் புகவில்லை. 1912இல் அமெரிக்காவில் சுவிஃப்டும் எல்லிசும், மருந்து ஏற்றப்பட்ட நோயாளியின் குருதியை எடுத்து, அதன் தெளிநீரைப் பிரித்து, அவரது முண்ணாண் கால்வாயிலேயே திரும்பச் செலுத்தும் முறையை வகுத்தனர். 1917இல் வாக்னர்-யவுரெக் இந்நோயாளருக்கு மலேரியாவை வலிந்து ஊட்டி, காய்ச்சலின் வெப்பத்தால் நோயைத் தணிக்க முயன்றார். அதற்காக 1927இல் நோபல் பரிசும் பெற்றார். ஒரு நோயைத் தீர்க்க மற்றொரு நோயை ஊட்டும் அளவுக்கு மருத்துவர் சென்றமை, மூளையை எட்டும் மருந்து இல்லாத வறுமையைப் புலப்படுத்துகிறது.

இதிலுள்ள முரண் நோக்கற்பாலது. தடுப்பின் அடையாளத்தை முதலிற் கண்டவர் ஏர்லிக். தடுப்பு என ஒன்றில்லை என்று சாதித்தவரும் அவரே. அவரது புகழ்பெற்ற மருந்து நின்றுபோன இடமும் அத்தடுப்பே.

லீனா ஸ்டேர்ன்

இக்கருத்துக்கு நிலையான பெயரும் முறையான ஆய்வுநெறியும் தந்தோருள் முதலிடம் பெறுபவர் லீனா ஸ்டேர்ன். 1878இல், அன்று ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த பால்டிக் பகுதியில், யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். சுவிற்சர்லாந்து சென்று ஜெனீவாப் பல்கலைக்கழகத்திற் கற்று, 1918இல் அப்பல்கலைக்கழகத்தின் முதற் பெண் பேராசிரியரானார். அங்கு ரேமன் கோத்தியேயுடன் இணைந்து, பற்பல பொருள்களை விலங்குகளின் குருதியிற் செலுத்தி, அவற்றுள் எவை மூளைய முண்ணாண் பாய்பொருளை அடைகின்றன, எவை அடைவதில்லை என வரிசையாக ஆராய்ந்தார். 1921இல் வெளிவந்த அவர்களது கட்டுரை குருதி–மூளைத் தடுப்பு என்னும் பெயரைப் பிரெஞ்சு மொழியில் நிலைநிறுத்தியது.

ஸ்டேர்னின் பங்களிப்பு பெயரோடு நின்றுவிடவில்லை. தடுப்பு மூளையைக் காக்கும் அரண் மட்டுமன்று, மூளையின் உட்சூழலை ஒரு நிலையில் வைத்திருக்கும் ஒழுங்காற்றியும் ஆகும் என்பது அவர் வற்புறுத்திய கருத்து. மதில் என்ற உவமையிலிருந்து வாயில் என்ற உவமையை நோக்கிய முதலடி இது எனலாம்.

1925இல் அவர் மொஸ்கோ சென்றார். 1939இல் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் முழு உறுப்பினரான முதற் பெண் என்ற பெருமையையும், 1943இல் ஸ்டாலின் பரிசையும் பெற்றார். தடுப்பைப் பற்றிய அறிவு மருந்துக்குத் துணையாகும் காலமும் அண்மித்தது. லண்டனில் 1942ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அலெக்சாண்டர் பிளெமிங், மூளையுறை அழற்சியால் மரணத்தை அண்மித்திருந்த ஒருவருக்கு, புளோரியிடமிருந்து பெற்ற பெனிசிலினைத் தசை வழியாகச் செலுத்தினார். நோய் முற்றாகத் தணியவில்லை. மூளைய முண்ணாண் பாய்பொருளை எடுத்துச் சோதித்தபோது அதில் மருந்து இருக்கவில்லை. எனவே மருந்தை முண்ணாண் கால்வாயிலேயே செலுத்தினார், நோயாளி பிழைத்தார். கோல்ட்மன் சாயத்தைக் கொண்டு காட்டியதைப் பிளெமிங் மருந்தைக் கொண்டு மீண்டும் காட்டினார் எனலாம்.

அடுத்து வந்தது ஸ்ரெப்ரோமைசின். 1943இல் அமெரிக்காவில் வக்ஸ்மனின் ஆய்வுகூடத்திற் கண்டறியப்பட்ட இம்மருந்து கசநோய்க்கு முதற் பயனுள்ள நுண்ணுயிர்க்கொல்லியாயிற்று. கசநோய் மூளையுறையைத் தாக்கும்போது அது அநேகமாகக் குழந்தைகளைப் பீடிக்கும். அக்காலத்தில் அது தப்பாத மரணத்தீர்ப்பாகவே இருந்தது. 1940களின் பிற்பகுதியில் ஸ்டேர்ன், சோவியத் நாட்டிற் கிடைத்தற்கரிய அம்மருந்தை அமெரிக்காவிலிருந்து பெற்று, தடுப்பைச் சுற்றிச் சென்று, மூளைய முண்ணாண் பாய்பொருளிலேயே செலுத்தும் சிகிச்சையைத் தொடங்கினார். மரணத்துக்கு விடப்பட்ட பிள்ளைகள் சிலர் பிழைத்தெழுந்தனர். பிரித்தானியாவில் 1948இல் வெளியான ஆய்வறிக்கையும் இத்தகைய சிகிச்சையின் பயனை எடுத்துக்காட்டியது.

ஆனால் 1949ஆம் ஆண்டு ஜனவரியில், தமது 70ஆம் வயதில், ஸ்டேர்ன் கைது செய்யப்பட்டார். யூத பாசிச எதிர்ப்புக் குழுவில் அவர் உறுப்பினராக இருந்தமையே காரணம். இரண்டாம் உலகப்போரில் நாசிகளுக்கு எதிராக ஆதரவு திரட்டுவதற்குச் சோவியத் அரசின் இசைவுடனேயே அமைக்கப்பட்ட அக்குழு, போர் முடிந்தபின் அதே அரசின் கண்ணுக்குத் துரோகிகளின் கூட்டமாயிற்று. 1952இல் இரகசிய விசாரணை நடைபெற்றது. குற்றஞ்சாட்டப்பட்டோருள் 13 பேர் அவ்வாண்டு ஓகஸ்ட் 12ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டனர். மரண தண்டனையினின்று தப்பியவர் ஸ்டேர்ன் ஒருவரே. மூன்றரை ஆண்டுச் சிறையும் அதன்பின் ஐந்தாண்டு நாடுகடத்தலும் அவருக்கு விதிக்கப்பட்டன. கசகஸ்தானின் சம்பூல் நகருக்கு அனுப்பப்பட்ட அவர், ஸ்டாலினின் மறைவுக்குப் பின் 1953இல் மொஸ்கோ திரும்பி, மீண்டும் ஆய்விலீடுபட்டு, 1968இற் காலமானார்.

அறிவு எல்லை கடந்து பரவுவது. அதிகாரம் எல்லை வகுத்து ஐயுறுவது. வெளிநாட்டிலிருந்து வந்த மருந்தும் வெளிநாட்டாருடன் கொண்ட தொடர்பும் ஒரு பிள்ளையின் உயிரைக் காத்தன. வெளிநாட்டுத் தொடர்பு என்பதே அதே காலத்தில் அறிஞர் பலரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் போதுமானதாயிருந்தது. விஞ்ஞான வரலாற்றைக் கற்போர் இவ்வதிகாரத்தைப் புறக்கணித்துவிட்டுக் கண்டுபிடிப்புகளை மட்டும் எண்ணிக்கொண்டிருத்தல் ஆகாது.

மறைவிடமாகிய மூளை

தடுப்பு நோயாளியைக் காப்பதைப் போலவே நோயையும் காக்கும் என்பதைப் பிள்ளைகளின் லியூக்கேமியா என்னும் குருதிப் புற்றுநோய் உணர்த்தியது. 1948இல் பொஸ்ரன் நகரில் சிட்னி பார்பர், அமினொப்ரெரின் என்னும் மருந்தால் இந்நோயைத் தற்காலிகமாகத் தணிக்கலாம் என்று காட்டினார். பின்வந்த ஆண்டுகளில் மேலும் மருந்துகள் சேர்ந்தன. குருதியிலும் எலும்பு மச்சையிலும் நோயின் சுவடே தெரியாத நிலையைப் பெற முடிந்தது. பெற்றோர் மகிழ்ந்தனர். சில மாதங்கள் செல்லப் பிள்ளைக்குத் தலைவலியும் வாந்தியும் தோன்றும். நோய் மூளையுறையில் மீண்டிருக்கும். குருதியில் ஓடிய மருந்து எட்டாத இடத்திற் புற்றுநோய்க் கலங்கள் சில முன்னரே புகுந்து, அங்கே பாதுகாப்பாக இருந்து பெருகின.

1962இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் தொடங்கப்பட்ட புனித ஜூட் சிறுவர் வைத்தியசாலையில் டொனால்ட் பிங்கல், நோய் மூளையில் வெளிப்படும்வரை காத்திராது, முன்னரே அவ்விடத்தைத் தாக்க வேண்டும் எனத் தீர்மானித்தார். தலைக்குக் கதிர்ச்சிகிச்சையும், முண்ணாண் கால்வாயில் மெதொத்திரெக்சேற்று மருந்தும் சேர்க்கப்பட்டன. 1967இல் தொடங்கிய சிகிச்சைத் திட்டத்தில் ஏறத்தாழ அரைவாசிப் பிள்ளைகள் நோயினின்று முற்றாக மீண்டனர். கதிர்ச்சிகிச்சை வளரும் மூளைக்குத் தீங்கு விளைப்பது பின்னர் தெளிவானமையால், காலப்போக்கில் அது பெரும்பாலும் கைவிடப்பட்டது. இன்று செல்வந்த நாடுகளில் இந்நோயுற்ற பிள்ளைகள் 10 பேருள் ஏறத்தாழ 9 பேர் பிழைக்கின்றனர். புதிய மருந்துகள் மட்டுமன்றி, மருந்து எட்டாத இடம் எது என்று அறிந்து அங்கு சென்றமையும் இவ்வெற்றிக்குக் காரணமாகும்.

மதிலில் ஒரு வாயில்

மேற்கூறிய சிகிச்சைகள் யாவும் தடுப்பைச் சுற்றிச் சென்றவை. தடுப்பின் வாயிலூடாகவே செல்லும் வழியைக் காட்டியது பார்க்கின்சன் நோயின் வரலாறு. இதன் தொடக்கத்தில் நம் மண்ணின் மூலிகையொன்றும் இடம்பெறுவது குறிப்பிடத்தக்கது. தென்னாசியாவின் பாரம்பரிய வைத்தியத்தில் வழங்கிய சர்ப்பகந்தியின் வேரிலிருந்து, 1952இல் சுவிற்சர்லாந்தில் ரெசர்ப்பின் என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1957இல் சுவீடனில் அர்விட் கார்ல்சன் ரெசர்ப்பினை முயல்களுக்குச் செலுத்த, அவை அசைவற்றுக் கிடந்தன. பின்னர் டோப்பா என்னும் பொருளைச் செலுத்த, அவை எழுந்து நடமாடின. மூளையில் டோப்பமின் என்னும் பொருள் குன்றியமையே அசைவின்மைக்குக் காரணம் என்பது இதனால் விளங்கலாயிற்று. 1960இல் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்ணிக்கீவிச்சும், பார்க்கின்சன் நோயால் இறந்தோரின் மூளையின் குறித்த பகுதியில் டோப்பமின் பெரிதும் குன்றியிருப்பதைக் கண்டனர்.

குறைந்தது டோப்பமின் என்றால் டோப்பமினையே கொடுத்தால் என்ன என்று வினவலாம். டோப்பமின் தடுப்பைக் கடவாது. ஆனால் அதன் முன்னோடியாகிய எல்-டோப்பா ஓர் அமினோவமிலம். மூளைக்கு வேண்டிய அமினோவமிலங்களை உள்ளே கொண்டுசெல்வதற்குத் தடுப்பிலேயே அமைந்துள்ள காவிகள் இதனையும் ஏற்றிச் செல்லும். உட்சென்றபின் அது டோப்பமினாக மாறும். 1961இல் வியன்னாவில் நிகழ்ந்த முதற் சோதனைகளில், படுத்த நோயாளர் சில மணி நேரம் எழுந்து நடந்தனர். 1967இல் நியூயோர்க்கில் ஜோர்ஜ் கொட்சியாஸ், வாய்வழியாகப் பேரளவிற் கொடுத்து நிலையான பயனைக் காட்டினார். ஆயின் மருந்தின் பெரும்பகுதி மூளையை அடையுமுன் உடலிலேயே டோப்பமினாக மாறி வாந்தியை உண்டாக்கியது. அம்மாற்றத்தைத் தடுக்கும் கார்பிடோப்பா என்னும் துணைமருந்து இதற்குத் தீர்வாயிற்று. கார்பிடோப்பா தடுப்பைக் கடவாது. ஆகவே உடலில் மாற்றத்தைத் தடுத்து, மூளையில் அதனை நிகழவிடுகிறது. மருத்துவரை நெடுங்காலம் மறித்துநின்ற தடுப்பே இங்கு மருத்துவரின் துணையாயிற்று.

இதே தத்துவத்தை எளிய மருந்துகளிலும் காணலாம். தும்மலுக்கும் ஒவ்வாமைக்கும் நம் நாட்டிற் பெருவழக்கிலுள்ள குளோர்பெனிரமின் தூக்கத்தைத் தருவது, அது தடுப்பைக் கடந்து மூளையை அடைவதனாலாம். பின்வந்த லொரட்டடின் போன்றவை அத்துணைத் தூக்கந் தராமைக்குக் காரணம், அவை மூளையிற் சிறிதளவே புகுதலாகும்.

தடுப்பு எங்கே உள்ளது?

இவ்வளவு சிகிச்சைகள் நிகழ்ந்த பின்னரும், தடுப்பு எந்தக் கலத்தில் உள்ளது என்ற வினா நெடுங்காலம் தீராதிருந்தது. மயிர்த்துளைக் குழாய்களைச் சூழ்ந்திருக்கும் உடுவுருக் கலங்களின் பாதங்களே தடுப்பு என்று பலர் கருதினர். 1967இல் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் தோமஸ் ரீசும் மொறிஸ் கார்னொவ்ஸ்கியும், காரமுள்ளங்கி வகையொன்றிலிருந்து பெறப்படும் பெரொட்சிடேசு என்னும் நொதியத்தைச் சுண்டெலியின் குருதியிற் செலுத்தி, இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கினர். குழாயின் உட்சுவராகிய அகவணிக் கலங்களுக்கிடையேயுள்ள இறுகிய மூட்டுகளில் அது நின்றுவிட்டமை தெளிவாகத் தெரிந்தது. உடுவுருக் கலங்களின் பாதங்களை அது சென்றடையவே இல்லை. 1885இல் வெறுங்கண்ணுக்குத் தெரிந்த வெண்மையின் காரணம், 82 ஆண்டுகளின் பின்னரே கருவியின் கண்ணுக்குத் தெரிந்தது. குருதிக்குழாயின் உட்சுவர் அங்கத்துக்கு அங்கம் வேறுபடும் என்பதும், ஏர்லிக் ஏற்க மறுத்த அவ்விளக்கமே சரியானது என்பதும் ஐயமற நிறுவப்பட்டன.

எனினும் மூட்டுகள் முழுக்கதை அல்ல. கொழுப்பிற் கரையும் சிறுபொருள்கள் கலச்சவ்வினூடே எளிதிற் புகக்கூடியவை. அத்தகைய சில மருந்துகளும் மூளையிற் காணப்படாமைக்குக் காரணம் யாது? 1976இல் கனடாவில் ஜூலியானோவும் லிங்கும், மருந்துக்கு அசையாத கலங்களில் பி-கிளைக்கோபுரதம் என்னும் புரதத்தை இனங்கண்டனர். அது கலத்துட் புகும் அயற்பொருளைத் திரும்ப வெளியே இறைத்துவிடும் பம்பி போன்றது. 1989இல் அதுவே மூளையின் மயிர்த்துளைக் குழாய்ச் சுவரிலும் இருப்பது தெரியவந்தது.

அதன் வலிமையைக் காட்டியது எதிர்பாராத ஒரு நிகழ்ச்சி. நெதர்லாந்தில் அல்பிரட் ஸ்கிங்கலும் அவரது குழுவினரும் அப்புரதத்துக்குரிய பரம்பரையலகு நீக்கப்பட்ட சுண்டெலிகளை வளர்த்தனர். உண்ணி வகையொன்றை ஒழிப்பதற்காக அவற்றின்மீது ஐவர்மெக்ரின் தெளிக்கப்பட்டபோது, சாதாரண எலிகளுக்கு ஊறு நேரவில்லை. அப்புரதமற்ற எலிகளோ மாண்டன. 1994இல் வெளியான அவர்களது ஆய்வு, அவ்வெலிகள் அம்மருந்தால் ஏறத்தாழ 100 மடங்கு எளிதிற் பாதிக்கப்படுவதைக் காட்டியது. ஒரே ஒரு புரதம் இல்லாதொழிய, தீங்கற்ற மருந்து கொடிய நஞ்சாயிற்று. தடுப்பு அசையாத மதில் என்னும் கருத்துக்கு இனி இடமில்லை. அது ஓயாது உழைக்கும் உயிருள்ள காவல்.

இன்றைய நிலை

தடுப்பு தளர்ந்தாலும் துன்பம், தளராதிருந்தாலும் துன்பம். மூளையுறை அழற்சியில் அது தளர்வதனாலேயே, நாளவழியாகப் பேரளவிற் செலுத்தும் பெனிசிலின் உட்புக முடிகிறது. முண்ணாண் கால்வாயிற் பெனிசிலினைச் செலுத்தும் வழக்கம், வலிப்பை உண்டாக்கும் அபாயத்தால் அருகிவிட்டது. பல்கூறு வன்மை நோயிலோ உடலின் பாதுகாப்புக் கலங்களே தடுப்பைக் கடந்து சென்று நரம்புகளைத் தாக்குகின்றன. அவை கடப்பதை மறிக்கும் நடலிசுமாப் என்னும் மருந்து 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மறுவருடமே, சிலரது மூளையில் அடங்கிக் கிடந்த வைரசு கிளர்ந்தெழுந்தமையால் அது நிறுத்தப்பட்டு, 2006இற் கடும் கண்காணிப்புடன் மீண்டும் வழங்கப்பட்டது. எதிரி என எண்ணிக் காவலரையும் வெளியே நிறுத்தினால் உட்பகை தலைதூக்கும் என்பதை அது உணர்த்தியது.

பெரிய மூலக்கூறுகளை உட்செலுத்தும் முயற்சியும் தொடர்கிறது. குருதியிலுள்ள இரும்பை மூளைக்குட் கொண்டுசெல்லும் வாங்கியைப் பற்றிக்கொண்டு நொதியமொன்றை உட்புகச் செய்யும் மருந்து, ஹண்டர் நோய்க்காக 2021இல் ஜப்பானில் அனுமதிக்கப்பட்டது. கனடாவின் ரொறன்ரோ நகரில் 2015இல், குவித்த மீயொலியால் தடுப்பைச் சிறிது நேரம் திறந்து மூளைக் கட்டிக்கு மருந்து செலுத்தும் முயற்சி மனிதரில் முதன்முதலாக மேற்கொள்ளப்பட்டது. ஸ்டேர்னும் பிளெமிங்கும் ஊசியால் சுற்றிச் சென்ற இடத்தை, இன்றைய மருத்துவர் வாயிலைத் திறந்தே அடைய முயல்கின்றனர்.

முடிவுரை

சாயம் ஏறாத மூளையைக் கண்ட ஏர்லிக் அதனை ஓர் இன்மையாகக் கருதினார். மூளையிடம் ஏதோ ஒன்று இல்லை என்பது அவரது முடிவு. ஒரு நூற்றாண்டு ஆய்வு அதனை ஓர் உண்மையாக, செயலாக, ஓயாத உழைப்பாகக் காட்டியது. இக்கருத்து மாற்றம் தானாக நிகழ்ந்ததன்று. ஆசிரியரின் புகழுக்கு முன் தம் பரிசோதனையை மறைக்காத மாணாக்கர் ஒருவர் அதற்கு வேண்டியிருந்தார். சிறைமீண்டும் ஆய்வுகூடத்துக்கே திரும்பிய மூதாட்டி ஒருவர் வேண்டியிருந்தார். குருதி தூய்மையாகிவிட்டது எனக் கூறப்பட்ட பின்னரும் தலைவலியென்று அழுத பிள்ளைகளும் அதற்குச் சான்றாயினர்.

மருந்து ஒன்று பயனளிக்கவில்லை என்னும்போது, மருந்து பிழையா, நோயைப் பற்றிய எண்ணம் பிழையா என்று வினவுவது வழக்கம். மருந்து சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்ததா என்ற மூன்றாவது வினாவை இவ்வரலாறு நமக்குக் கற்றுத் தருகிறது. நோயாளியின் படுக்கையருகே நிற்கப்போகும் மாணவர் இவ்வினாவை மறவாதிருத்தல் வேண்டும்.